அத்தானின் வானும் லண்டன் வேலையும்

கேள்வி: கொழும்பில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் உளமருத்துவ நிபுணராக இருக்கிறேன். வயது 38. மொத்தச் சம்பளம் 3,30,000 ரூபா, கைக்கு 2,80,000. வாரம் இரண்டு மாலை தனியார் ஆஸ்பத்திரியில் சனலிங் (முன்பதிவில் வரும் நோயாளிகளைப் பார்ப்பது) செய்து மாதம் 1,60,000 அளவில் எடுக்கிறேன். வீட்டு வாடகை 1,10,000. மற்றச் செலவுகள் 1,50,000. அக்காவின் கணவர் லீசிங்கில் எடுத்த வானுக்கு நான் பிணை. 14 மாதமாக அவரால் கட்ட முடியவில்லை, 95,000 ரூபா தவணையை நானே கட்டுகிறேன். இன்னும் 34 தவணை இருக்கிறது. கடனட்டையில் 14 இலட்சம் நிற்கிறது, ஆண்டு வட்டி 26 வீதம். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனபோது, திரும்பி வந்து அரச சேவை செய்வேன் என்று நான் கொடுத்த பிணைமுறியில் பிணையாகக் கையெழுத்திட்டவர் அத்தான். அவரிடம் முகம் முறிக்க மனம் வரவில்லை. லண்டனில் வேலை எடுத்துத் தர ஓர் ஏஜென்சி 18 இலட்சம் கேட்கிறது. வங்கிக் கடன் எடுத்துப் போய்விட்டால் எல்லாம் தீருமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தீராது டொக்டர். 14 மாதத்தில் வானுக்கு நீங்கள் கட்டியது 13,30,000. கடனட்டையில் நிற்பது 14 இலட்சம். இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகை. வானுக்குச் சம்பளத்தில் கட்டி, வீட்டுச் செலவுக்கு அட்டையைத் தேய்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அட்டைக்கு மாத வட்டி மட்டும் 30,000. ஆக அந்த வான் உங்களுக்கு மாதம் 1,25,000. இப்படியே விட்டால் வட்டி சேராமலே இன்னும் 32,30,000 போகும்.

இதற்குள் இன்னொரு தொகையும் ஒளிந்திருக்கிறது. சனலிங் காசில் ஆஸ்பத்திரி 5 வீதம், அதாவது 8,000 கழித்துத் தருகிறது. வரி அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு 18 இலட்சம் வரிவிலக்கைச் சம்பளமே தின்றுவிடுகிறது. சனலிங்கின் 19,20,000 ரூபா அதற்கு மேல் ஏறி உட்காருகிறது: சம்பளம் எட்டி நிற்கும் வரிப்படியில் இன்னும் இடமுள்ள முதல் 3,40,000 ரூபாவுக்கு 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். கூட்டினால் 6,70,000 வரும். கழித்த 96,000 போக 5,75,000 பாக்கி. மாதத்துக்கு 48,000 ரூபா உங்கள் காசே அல்ல, இறைவரித் திணைக்களத்தின் காசு. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் காலாண்டுத் தவணை, நவம்பர் 30க்குள் வரி விபரத்திரட்டு. சனலிங் காசு வரும் நாளிலேயே 48,000 ரூபாவை வேறு கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை எடுக்க வேண்டாம்.

வானுக்கு வருவோம். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பிணையாளியின் பெயரும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் ஏறும், நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்டால் அது முன்னால் வந்து நிற்கும். கடிதம் எழுதியும் பிணையிலிருந்து விலக முடியாது. கம்பனி சம்மதித்து வேறொரு பிணையாளி வர வேண்டும். செய்யக்கூடியது விற்பதுதான். இன்றைய திகதிக்கு லீசிங்கை முடிக்க எவ்வளவு வேண்டும் என்று நிதிக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்று இடத்தில் வானுக்கு விலை கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது கம்பனி என்பதால், வாங்குபவர் முடிக்கும் தொகையை நேரே கம்பனிக்குக் கட்ட வேண்டும், மிச்சம்தான் அத்தானுக்கு. காசு முதலில் அத்தானின் கைக்குப் போனால் வேறு கடனுக்குக் கரைந்துவிடும், லீசிங் உங்கள் தலையில் அப்படியே இருக்கும். விற்ற விலை போதாமல் 3, 4 இலட்சம் துண்டு விழுந்தாலும் கட்டி முடியுங்கள். 32 இலட்சத்துக்கு அது எவ்வளவோ மேல்.

அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "அத்தான், இன்னும் மூண்டு தவணை நான் கட்டுறன். அதுக்குள்ள வானை வித்து முடிப்பம்." திகதியையும் அப்போதே சொல்லுங்கள்.

அவர் அன்று போட்ட கையெழுத்து பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கட்டாய சேவைக் காலத்தை ஒழுங்காக முடிக்கும்வரை அந்தக் கையெழுத்தால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பாதியில் லண்டன் போனால்தான் பிணைமுறித் தொகைக்கு அவரையும் பிடிப்பார்கள். அவருக்கு நன்றி காட்ட வேண்டுமென்றால் முதலில் அந்தப் பிணைமுறியை எடுத்து, சேவைக் காலத்தில் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள்.

ஏஜென்சிக்குக் காசு கொடுக்க வேண்டாம். பிரித்தானியாவில் வேலை தேடுபவரிடம் வேலை எடுத்துத் தருவதற்குக் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இங்கே அதையே 'வழிகாட்டல் பெக்கேஜ்' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். அங்குள்ள அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் வேலைத் தளத்தில் விண்ணப்பிக்க ஒரு சதமும் வேண்டாம். விசாவுக்கான ஸ்பொன்சர் சான்றிதழ் தருவது வேலை கொடுப்பவர். ஏஜென்சி உங்களுக்காகப் பரீட்சை எழுதப் போவதில்லை. இங்கே எடுத்த எம்.டி. பட்டம் இருப்பதால் மட்டும் ஜீ.எம்.சி. (பிரித்தானிய மருத்துவ சபை) பதிவு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், வழக்கமான வழிகள் எம்.ஆர்.சி.சைக் (அங்குள்ள உளமருத்துவக் கல்லூரியின் பரீட்சை) அல்லது பிளாப் (வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பொதுப் பரீட்சை). முந்தியதுதான் உங்கள் துறைக்குப் பொருந்தும்: பேப்பர் ஏ, பேப்பர் பி, பிறகு 16 நிலையங்கள் கொண்ட காஸ்க் என்ற செய்முறைப் பரீட்சை. அதோடு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7. நிரந்தர கன்சல்டன்ட் பதவிக்கு ஜீ.எம்.சி.யின் விசேட நிபுணர் பதிவேட்டிலும் பெயர் வேண்டும். அதற்கான ஓடிட் (சிகிச்சைத் தர ஆய்வு), நோயாளி பெயர் நீக்கிய அறிக்கைகள், மேலதிகாரி கையெழுத்துகளை இங்கே இருக்கும்போதே சேர்க்கத் தொடங்குங்கள். போன பிறகு பழைய வார்டில் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. இலங்கை மருத்துவ சபையின் நன்னிலைச் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். முதலிலேயே எடுத்து வைத்தவர்கள் திரும்பவும் எடுக்கிறார்கள்.

கொழும்பில் தமிழில் மனம் திறந்து பேசக்கூடிய உளமருத்துவரைத் தேடி வருபவர்கள் உங்களிடம் காத்திருக்கிறார்கள். ஆனால் புதிய நோயாளிக்கும் மறுமுறை வருபவருக்கும் ஒரே 2,500 வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாலைக்கு எட்டுப் பேர் என்றால் உங்கள் 1,60,000 அப்படித்தான் வருகிறது. புதியவருக்கு 45 நிமிடம், மற்றவருக்கு 15 நிமிடம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துடன் பேசி, புதியவருக்கு மட்டும் 4,000 ஆக்குங்கள். மாலைக்கு இரண்டு புதியவர், மாதம் எட்டு மாலை என்றால் 24,000 கூடும். வசதியில்லாதவருக்குக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வான் போன மாதத்திலிருந்து அந்த 95,000 ரூபாவில் வரிக்கு 48,000 போக மிஞ்சும் 47,000 ரூபாவையும், வரி போக இந்த 24,000 ரூபாவில் நிற்கும் 15,000 ரூபாவையும், இப்போது கட்டும் குறைந்தபட்சத் தொகைக்கு மேலே அட்டைக்குக் கட்டுங்கள். 'பூச்சிய வட்டி'க்குக் கடனை மாற்றித் தருகிறோம் என்று வங்கி அழைத்தால், கையாளும் கட்டணத்தையும் அந்த வட்டி முடியும் திகதியையும் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள், பழைய அட்டையை அன்றே வெட்டுங்கள்.