மூன்று குழு, ஒரே விண்ணப்பம்

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் எங்கள் குழு சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. அதே பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் எங்களைப் போலவே இரண்டு குழுக்கள். தனித்தனியாக நிதி கேட்டு அலுத்துவிட்டது. மூவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பம் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறது ஒரு அறக்கட்டளை. பணத்தைச் சமமாக மூன்றாகப் பிரிக்கலாமா என்று பேச ஆரம்பித்ததுமே சண்டை. என்ன செய்ய?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, பணத்தை அப்புறம் பேசுங்கள். வாசலுக்கு வருகிற ஆளை யார் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் பாராலீகலாக, அதாவது வக்கீல் அல்லாத சட்ட உதவியாளராக, இருந்தபோது தையல் தொழிற்சாலையில் வேலை போன ஒரு அம்மா வந்தார். வேலைநீக்கக் கடிதத்தை நாலாக மடித்து ரொட்டிப் பைக்குள் வைத்திருந்தார். எங்களுக்கு முன்பே இரண்டு இடம் போய் வந்திருந்தார். ஒரு இடத்தில், வாடகை வழக்கு மட்டும்தான் பார்ப்போம் என்றார்களாம். இன்னொரு இடத்தில், வக்கீல் அடுத்த வாரம் வருவார் என்றார்களாம். மூன்றாவதாக எங்களிடம் அதே கதையை முதலிலிருந்து சொல்லி முடித்ததும் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். 41 நாள் ஆகியிருந்தது. வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையமான சிசிஎம்ஏவுக்கு, புகார் கொடுக்கும் 7.11 படிவம் 30 நாளுக்குள் போயிருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு எழுத உட்கார்ந்தோம். அந்தப் படிவத்துக்குக் கட்டணம்கூடக் கிடையாது. முதல் நாளே யாராவது நிரப்பிக் கொடுத்திருக்கலாம். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் மூன்று குழுவும் கடந்த மூன்று மாதப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்காருங்கள். வாடகைத் தகராறு எத்தனை, வேலைநீக்கம் எத்தனை, ஜீவனாம்சம், சாசா (அரசு சமூகநல முகமை) உதவித்தொகை எத்தனை என்று எண்ணுங்கள். யாருக்கு எது நன்றாக வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு பக்கத்தில் அனுப்பும் சீட்டு தயார் செய்யுங்கள். வந்தவரின் சம்மதம், பிரச்சினை, கையில் உள்ள காகிதங்கள், கெடு முடியும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். கெடு தேதியைப் பெரிதாக எழுதுங்கள். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த குழுவுக்குப் போன் போட்டுவிடுங்கள். நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய வழக்கை அரசின் இலவச சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டுக்கோ பல்கலைக்கழகச் சட்ட மையத்துக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கும் இதே சீட்டு போதும்.

இந்த வேலைக் கணக்கிலிருந்துதான் பணக் கணக்கு வர வேண்டும். அதிகம் பேரைப் பார்க்கிற குழுவுக்கு அதிகம் போகும், சமபங்கு என்ற பேச்சே எழாது. பணத்தை வாங்கி வைக்கும் குழுவை வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், யார் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கு எழுதும் செலவையும் விண்ணப்பத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். போடாவிட்டால் ஆறாம் மாதம் மனக்கசப்பு வரும். எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு, ஒரு குழு நடுவில் விலகினால் மீதிப் பணம் எங்கே, அறிக்கை எழுதுவது யார் என்பதையெல்லாம் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்.

பாராலீகல் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பயிலரங்குக்கும் பேனருக்கும் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. கடிதத்தோடு வருகிறவர் எதிரில் உட்கார ஆள் வேண்டாமா?

கேள்வி: எங்கள் குழு எங்கும் பதிவாகவில்லை. இதில் சேர முடியுமா?
– வாசகி, டோங்காட்

பதில்: சேரலாம் அம்மா, ஆனால் பணம் பதிவான குழுவின் கணக்குக்கே வரட்டும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் நீங்களும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவான பிறகு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். நன்கொடையாளர் வரிச் சலுகைக்கான 18ஏ ரசீது கேட்டால், சார்ஸ் (வருமான வரித் துறை) அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே தர முடியும். அந்த அங்கீகாரம் மூவரில் யாருக்கு இருக்கிறது என்று விண்ணப்பம் எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.