ரீலுக்கு எவ்வளவு, லைனுக்கு எவ்வளவு? – தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக எண்ணூர் முகத்துவாரத்திலும் திருவொற்றியூர்க் கரையின் தூண்டில் வளைவுகளிலும் ஸ்பின்னிங் ரீல் கொண்டு மீன் பிடித்து வருகிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர், ஒன்பது அடி நீளமுள்ள 8ஆம் எண் ஃபிளை ராடு ஒன்றை அனுப்பியிருக்கிறார், ரீல் இல்லை. ரீல், லைன் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னால் 15,000 ரூபாய்தான் செலவிட முடியும். கடைக்காரர் 12,000 ரூபாய் ரீல் ஒன்றைக் காட்டுகிறார். இணையத்திலோ 2,500 ரூபாய்க்கும் ரீல் இருக்கிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மடவை, கொடுவா, பாறை பிடிக்க எதை வாங்கலாம்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டையும் விட்டுவிட்டு, ஆறாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் ஒரு ரீலை வாங்கி, ஏறக்குறைய அதே அளவு பணத்தை லைனுக்கு ஒதுக்குங்கள். இதற்கான காரணம் ஃபிளை ரீல் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஸ்பின்னிங் தூண்டிலில் ஈயமோ இரையோ தன் எடையால் பறந்து செல்ல, மெல்லிய நரம்பு ரீலிலிருந்து உருவிக்கொண்டு அதன் பின்னால் போகிறது. அங்கே ரீல் மோசமாக இருந்தால் வீச்சும் மோசமாகத்தான் இருக்கும். ஃபிளை தூண்டிலில் இறகும் நூலும் சுற்றிய, ஃபிளை எனப்படும் முள்ளுக்கு எடையே கிடையாது என்பதால், ராடு வீசுவது தடிமனான அந்த லைனைத்தான். ராடின் மீது எழுதியுள்ள 8 என்ற எண் குறிப்பதும் அதையே: லைனின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிராம் எடை இருக்க வேண்டும். வீசும்போது ரீல் சும்மாதான் இருக்கிறது. லைனைச் சுற்றி வைத்துக்கொள்வதும், பெரிய மீன் ஓடும்போது அளவாகப் பிடித்து நிறுத்துவதுமே அதன் வேலை. ஆகவே மலிவான லைனை விலையுயர்ந்த ரீலில் சுற்றிக்கொண்டு கரைக்குப் போகிறவர், தன் பணத்தின் பெரும்பகுதியை வீச்சுக்கு உதவாத இடத்தில் முடக்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

லைன் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்நாட்டு டிரவுட் மீனுக்காகச் செய்யப்படும் லைன், சென்னையின் மே மாத வெயிலில் மேற்பூச்சு இளகி, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, நூடுல்ஸ் போலத் துவண்டுவிடும். வெப்ப மண்டலக் கடலுக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படும் லைன்களில் உள்நூல் விறைப்பாகவும் மேற்பூச்சு கடினமாகவும் இருக்கும். விலை கூடுதல்தான்; ஆனால் எண்ணூர்க் கடற்காற்றை எதிர்த்து வீச வேண்டிய உங்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தவிர்க்க முடியாதது. ரீலை விற்கிறவரே இலவசமாகச் சேர்த்துத் தரும் லைனை நம்பி இறங்க வேண்டாம்.

இனி ரீலுக்கு வருகிறேன். 2,500 ரூபாய் ரீல் பெரும்பாலும் அச்சில் வார்த்த அலுமினியமாகவோ பிளாஸ்டிக் கலவையாகவோ இருக்கும். வார்ப்பு என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. ரெடிங்டன் நிறுவனத்தின் பெஹிமோத் வார்ப்பு ரீல்தான். லாம்சனின் லிக்விட் ரீலும் அழுத்த வார்ப்பில் செய்யப்படுவதுதான், ஆனால் அதன் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனுக்குத் தடை கொடுக்கும் பகுதி, நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் வெளிநாடுகளில் சிக்கன விலை ரீல்களாக மதிக்கப்படுபவை. நம் ஊருக்கு வரும்போது சுங்க வரியும் அனுப்பும் செலவும் ஏறி அந்தச் சிக்கனத்தைத் தின்றுவிடுகின்றன. வார்ப்பின் உண்மையான குறை இரண்டு. கீழே விழுந்தால் அது நெளிவதற்குப் பதில் உடைந்துபோகும் தன்மை கொண்டது. தூண்டில் வளைவின் பாறைகள் மீது நிற்கிறவருக்கு இது சிறிய விஷயமன்று. அடுத்ததாக, வார்ப்பு அலுமினியத்தில் அனோடைஸ் எனப்படும், மின்சாரம் செலுத்தி ஏற்றும் காப்புப் பூச்சு நன்றாகப் பிடிக்காது என்பதால் பெயின்ட்தான் அடித்திருப்பார்கள். அந்தப் பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு நீர் அதற்கடியில் நுழைந்து கொப்புளம் கொப்புளமாக உரித்துவிடும். 6061 என்னும் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்து அனோடைஸ் செய்த ரீலுக்கு இந்த இரண்டு குறையும் மிகக் குறைவு. பிசிஃபன் நிறுவனத்தின் ஸ்வார்டு போன்ற சீனத் தயாரிப்புகள் வந்த பிறகு, கடைசல் ரீல் என்பது பணக்காரர்களின் பொருளாக இல்லாமல் போய்விட்டது. நான் உங்களுக்குச் சொன்ன விலை இந்த வகையை மனத்தில் வைத்துத்தான்.

டிராக் பற்றி விளம்பரங்கள் சொல்லும் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 8ஆம் எண் ராடில் நீங்கள் முள்ளுக்கு முன் கட்டப்போகும் நரம்பு 12 முதல் 16 பவுண்டு வரை தாங்குவதாக இருக்கும். 16 பவுண்டு என்பது ஏழு கிலோவுக்குச் சற்று அதிகம். அறுபடும் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக்கை இறுக்குவது வழக்கம் என்பதால், உங்களுக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை கிலோ தடைதான். பத்துக் கிலோ டிராக் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதில் முக்கால் பங்கு உங்களுக்குப் பயன்படாது. தடையின் அளவைவிட, அது தொடங்கும் விதமே முக்கியம். பாறை மீன் முள்ளைக் கவ்வியவுடன் பாயும்போது, டிராக் ஒரு கணம் சிக்கிக்கொண்டு பிறகு விடுபடுமானால், அந்த ஒரு கணத்தில் நரம்பு அறுந்துவிடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். இரண்டு பாட்டில்களைச் சேர்த்து, ரீலில் சுற்றிய கயிற்றின் நுனியில் கட்டித் தொங்கவிட்டு, அவை மெல்ல இறங்கும் அளவுக்கு டிராக்கைத் தளர்த்துங்கள். குலுங்காமல் சீராக இறங்கினால் அந்த ரீலை வாங்கலாம். நின்று நின்று இறங்கினால், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

லைனைச் சுற்றும் உருளையான ஸ்பூலின் நடுத்தண்டு பருமனாக உள்ள, லார்ஜ் ஆர்பர் எனப்படும் வகையையே தேர்ந்தெடுங்கள். வழக்கமான ஃபிளை ரீலில் சுற்றைப் பெருக்கும் பல்சக்கரம் கிடையாது. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூலும் ஒரு முறைதான் சுற்றும். சுற்றின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு வருவது ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். 8 சென்டிமீட்டர் என்றால் 25. முப்பது மீட்டர் ஓடிய மீன் திரும்பி உங்களை நோக்கியே வரும்போது, முதல் ரீலில் 190 முறையும் இரண்டாவதில் 120 முறையும் சுற்ற வேண்டியிருக்கும். லைன் வெளியேற வெளியேறச் சுற்றின் விட்டம் குறைவதால் தடை தானாகவே கூடும் என்பதும், பருமனான தண்டில் அந்த மாற்றம் குறைவு என்பதும் கூடுதல் ஆதாயம். நீங்கள் ஸ்பின்னிங் ரீலை இடக்கையால் சுற்றிப் பழகியவராக இருந்தால், கைப்பிடியை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைனின் நீளம் 27 மீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்கடியில் பேக்கிங் எனப்படும் கயிற்றைச் சுற்ற வேண்டும். கழிமுகத்துக்கு 100 மீட்டர் போதும், திறந்த கடற்கரைக்கு 150 நல்லது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பின்னல் நரம்பில் 50 பவுண்டு அளவுள்ளது மிச்சமிருந்தால் அதையே இதற்குப் பயன்படுத்தி இங்கேயும் கொஞ்சம் பணத்தைச் சேமிக்கலாம். ஆனால் அதை இறுக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும். மெல்லிய பின்னல் நரம்பு வேண்டாம். மீன் ஓடும்போது விரலை அறுத்துவிடும்.

மடவையைப் பற்றி ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் பாசியையும் சேற்றிலுள்ள மட்கையும் தின்று வாழும் மீன் என்பதால், சின்ன மீனைப் போலக் கட்டிய ஃபிளையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கொடுவாவையும் பாறையையும் குறிவைத்தே பொருள்களை வாங்குங்கள். பழவேற்காட்டில் மீனவர்கள் வலைவிடும் இடங்களைப் பாடு என்னும் முறைப்படி தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களுடைய வலைகளுக்குக் குறுக்கே லைனை வீசாமல், எங்கே நிற்கலாம் என்று முதலில் அவர்களையே கேட்டுக்கொள்வதுதான் முறை.

கேள்வி: என்னிடம் நல்ல நிலையில் உள்ள ஸ்பின்னிங் ரீலையே ஃபிளை ராடில் மாட்டிக்கொள்ள முடியாதா?
– வாசகர், காசிமேடு

பதில்: முடியாது. தடிமனான ஃபிளை லைன் அந்த ஸ்பூலில் அடங்காது, அடங்கினாலும் முறுக்கிக்கொள்ளும். ஃபிளை ராடில் ரீல் பொருந்தும் இடம் கைப்பிடிக்குக் கீழே, அடிநுனியில் இருப்பதால் பிடிமானமும் சரியாக அமையாது.

கேள்வி: கோடை விடுமுறையில் நீலகிரிக்குப் போகும்போது டிரவுட் பிடித்துப் பார்க்க ஆசை. 5ஆம் எண் ராடு இருக்கிறது. திருவொற்றியூர் நண்பர் வாங்கப்போகும் ரீலையே இரவல் வாங்கிக்கொண்டு போகலாமா, தனியாக ஒன்று வாங்க வேண்டுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இரவல் வேண்டாம். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின்தான். அதற்கு ஏற்ற சிறிய ராடின் அடியில் 8ஆம் எண் ரீலைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வலிக்கும். வெப்ப மண்டல லைனும் உதகையின் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும்.

இந்த வேலைக்கு மலிவான ரீல் தாராளமாகப் போதும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நன்னீரில் உப்பரிப்பு இல்லை. மலையோடையின் சிறிய டிரவுட் டிராக்கைச் சோதிக்கும் அளவுக்கு ஓடுவதும் இல்லை. பல்சக்கரமும் சிறு நாக்கும் உரசிக் கிளிக் கிளிக் என்று ஒலிக்கும் பழைய பாணி ரீல், கைப்பிடி வேகமாகச் சுழன்று லைன் சிக்காமல் பார்த்துக்கொண்டால் அதுவே போதும். அமெரிக்காவின் சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற, லைன் சீக்கிரம் உலர்வதற்காகப் பக்கத்தகடுகளில் துளையிட்ட ஒடுக்கமான ரீலுக்கும் இன்றைய எளிய ரீலுக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே உங்கள் விஷயத்தில் 2,500 ரூபாய் ரீலை வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவலாஞ்சி, எமரால்டு பக்கம் போவதற்கு முன், மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவித்தான் வைக்கிறேன், ஆனாலும் ஆறே மாதத்தில் ரீலின் திருகுகள் இறுகிப்போய், டிராக்கும் சொரசொரக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை.
– வாசகர், மீஞ்சூர்

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் மீஞ்சூர் என்று பார்த்தவுடன் எனக்குச் சந்தேகம் எழுகிறது. அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல காலமாக அறியப்பட்ட உண்மை. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் ரீலைக் கழுவினால் ஓர் உப்பை நீக்கி இன்னோர் உப்பை ஏற்றுகிறீர்கள். குடிநீருக்கு வரும் தண்ணீரில் ஒரு குவளை எடுத்துக் கடைசி அலசலுக்காவது பயன்படுத்துங்கள்.

குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சக் கூடாது. அழுத்தத்தில் உப்பும் மணலும் உள்ளேதான் போகும். கழுவும் முன் டிராக்கை லேசாக இறுக்கி, கழுவியபின் முழுவதும் தளர்த்தி, ஸ்பூலைக் கழற்றி நிழலில் உலர விடுங்கள். டிராக்கை இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் அதன் தட்டுகள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். திருகுகள் இறுகியதற்குக் காரணம், எவர்சில்வர் திருகும் அலுமினிய உடலும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது அலுமினியம் அரிக்கப்பட்டுப் பொருமுவதுதான். புது ரீலிலேயே ஒவ்வொரு திருகையும் கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுவது நல்லது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரிலேயே உறைந்துவிடும், பிறகு சிக்குப் பிடித்து மணலை ஈர்க்கும். சுழலும் தண்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். கார்பன் தட்டு டிராக்கில் அதையும் விடாதீர்கள்.

லைனையும் மறக்க வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட பேரிடர் இல்லாத நாளிலும் அங்கே நீரின் மேல் படலம் மிதப்பதுண்டு. மிருதுவான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் லைனைத் துடைத்துவிட்டால்தான் அது மறுமுறை வளையங்களில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கேள்வி: பழைய ஃபிளை ரீல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஸ்பூலைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பளபளப்பாகத் துடைத்திருப்பார்கள். வெள்ளைப் பொடி போன்ற அரிப்பு நடுத்தண்டைச் சுற்றியும் திருகுத் துளைகளிலும்தான் தெரியும். பிறகு ஸ்பூலை மாட்டிச் சுழற்றிவிட்டு விளிம்பைக் கவனியுங்கள். சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் இடையேயான இடைவெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் தெரிந்தால், ரீல் எங்கோ விழுந்து வளைந்திருக்கிறது என்று பொருள். மெல்லிய நரம்பு அந்த இடைவெளியில் நுழைந்து அறுபடும். மேலே சொன்ன பாட்டில் சோதனையை இதற்கும் செய்யுங்கள். அந்த மாடலுக்குத் தனி ஸ்பூலும் டிராக் தட்டுகளும் இன்னும் விற்பனையில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பாதி விலையும் அதிகம், கால் விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.