ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் வீட்டில் மனம் தளராமல் இருப்பது எப்படி?

மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து மனைவி சரியாகத் தூங்குவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வேலையைப் பங்கு போடுங்கள். தெரபிக்குக் கூட்டிப்போவது, ராத்திரி கண்விழிப்பது, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தால் யாராக இருந்தாலும் உடைந்துதான் போவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பையன் என் பொறுப்பு; மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது (இத்தனை நாள் எங்கே இருந்தேனோ), அதன்பிறகு சட்னி அரைக்கும் முன் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்விடுவேன், பாதி ரகளை அதிலேயே குறைந்தது.

"வளர்ப்பு சரியில்லை" என்பவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டாம். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, தாயின் குற்றமில்லை, தடுப்பூசியும் காரணமில்லை.

பணக்கவலையும் தூக்கத்தைக் கெடுக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அப்புறம், மனைவிக்கு அழுகையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.