எந்த வேலை, எத்தனை மாதம்? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான்: ஊரோடு இருந்து பிழைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் வயலுக்கும் கடலுக்கும் ஹோட்டலுக்கும் தனித்தனிப் பருவம் உண்டு. எந்தத் தொழில் நல்லது என்று கேட்கும்போது, அதில் வருடத்துக்கு எத்தனை மாதம் கையில் காசு வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. மகன் ஏ.எல். முடித்துவிட்டு வேளாண்மைதான் செய்வேன் என்கிறான். விடலாமா? (நாவிதன்வெளி)

தாராளமாக விடுங்கள். ஆனால் வயலை மட்டும் நம்பி இருக்க விடாதீர்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். சேனநாயக்க சமுத்திரத்து வாய்க்கால் தண்ணீர் ஒழுங்காக வரும் வயல் என்றால் பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் செய்யலாம். மானாவாரி என்றால் ஒரு போகம்தான். உழவு, விதைநெல், பசளை, கிருமிநாசினி, வெட்டுக்கூலி எல்லாம் போக மூன்று ஏக்கரில் மிஞ்சுவதை வைத்து அடுத்த போகம் வரை ஒரு குடும்பம் ஓடுவது கஷ்டம். எல்லாரும் ஒரே கிழமையில் வெட்டி, காயவைக்க இடமில்லாமல் ஈரநெல்லாகவே கொடுக்கும்போது வியாபாரி சொல்வதுதான் விலை. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகனுக்கான வேலை வயலைச் சுற்றித்தான் இருக்கிறது. முன்பு வயல் வேலையைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் முல்லைக்காரர் ஆள் கூட்டி வந்து வெட்டிச் சூடடித்த இடத்தில் இப்போது வெட்டு மெசின் ஓடுகிறது. உச்சி வெயிலில் பெல்ட் அறுந்து அது நடுவயலில் நின்றுவிட்டதென்று வையுங்கள். வரம்போரம் லொறி காத்து நிற்கும், வானம் இருண்டு வரும், அடுத்த வயல்காரர் மெசின் எப்போது வரும் என்று போனுக்கு மேல் போன் எடுப்பார். அந்த நேரத்தில் பெல்ட் மாற்றி, பேரிங் பார்த்து மெசினை ஓடவைக்கிறவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. விவசாய இயந்திரம் அல்லது டீசல் எஞ்சின் திருத்தும் பயிற்சியில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம் வரை படிக்கச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். வெட்டு இல்லாத மாதங்களில் உழவு மெசின், தண்ணீர்ப் பம்பி, முச்சக்கர வண்டி என்று கைக்கு வேலை இருக்கும். வயலையும் விட வேண்டியதில்லை.

பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் குறைவு. போகலாமா? (கல்குடா)

அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஹோட்டல் பில்லில் சேர்க்கும் 10 வீத சேவைக் கட்டணத்தில் ஊழியருக்குப் பங்கு வரும். அறைகள் நிறைந்த மாதத்தில் அது நல்ல தொகை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குழம்பி, அறைகள் காலியாகும்போது அதுவும் மெலிந்துவிடும். அதனால் சேருமுன் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், போன டிசம்பரில் சேவைக் கட்டணமாக எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். ஆகஸ்ட் கணக்கைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

இன்னொன்று. நம் கரை ஓயும் நவம்பரில்தான் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் பருவம் தொடங்குகிறது. சமையலறை வேலையைச் சான்றிதழோடு பழகியவர் இரண்டு கரையிலும் வேலை தேடலாம். அறை துடைக்கும் வேலையில் சேர்ந்தாலும் ஒரு வருடத்துக்குள் சமையலறைக்கு மாறப் பாருங்கள்.

கலைப் பட்டதாரி. வயது 27. அரச நியமனம் வரும் என்று இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். (களுவாஞ்சிக்குடி)

தங்கச்சி, விண்ணப்பியுங்கள், போட்டிப் பரீட்சைகளை எழுதுங்கள். ஆனால் வீட்டில் சும்மா இருந்து காத்திருக்க வேண்டாம். இந்த வேதனை எனக்கு நன்றாகத் தெரிகிறது. வீட்டில் எல்லாரும் உங்கள் பட்டத்தைத்தான் நம்பியிருப்பார்கள், ஊரில் யாரைக் கண்டாலும் "என்ன, இன்னும் கிடைக்கவில்லையா" என்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு முன்போல மொத்தமாக நியமனம் வரும் என்று நம்பி வயதைக் கழிப்பது ஆபத்து.

இன்றே தொடங்கக்கூடியது சிங்களம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற்றாக வேண்டும். எப்படியும் படிக்கத்தான் போகிறீர்கள். அம்பாறை போன்ற மாவட்டத்தில் வங்கி, லீசிங், காப்புறுதி அலுவலகங்களில் இரண்டு மொழியிலும் வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். அதோடு எக்செலும் கணக்குப் பதிவும் கற்றுக்கொண்டு, சின்னச் சம்பளமானாலும் ஒரு இடத்தில் சேர்ந்துவிடுங்கள். நியமனம் வந்தால் விட்டுவிட்டுப் போகலாம்.

மகளை காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்கு அனுப்பலாமா? (ஏறாவூர்)

மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலைகளில் அதுவும் ஒன்று. அப்புறம் சம்பளச் சிட்டையை வாங்கிப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு மகளிடம் 8 வீதமும், முதலாளியிடமிருந்து 12 வீதமும் போக வேண்டும். ஒரு நாள் லீவு எடுத்தால் வருகைக் கொடுப்பனவு எவ்வளவு வெட்டுப்படும், இரவு ஓவர்டைம் முடிந்தால் வீட்டு வாசல் வரை பஸ் வருமா என்று கேளுங்கள். தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போக வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரே மெசினில் பத்து வருடம் இருக்கக் கூடாது.

வாப்பாவின் புடவைக் கடையைப் பார்ப்பதா, கணக்கியல் படிப்பதா? (காத்தான்குடி)

இரண்டையும் செய்யுங்கள் தம்பி. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. அங்கே எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) கணக்கியலுக்கு விண்ணப்பியுங்கள். படித்ததை உங்கள் கடையிலேயே செய்து பார்க்கலாம்.

கடலில் மீன் குறைந்துவிட்டது. கொரியா அனுப்புவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். (திருக்கோவில்)

கொடுக்காதீர்கள். கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டமான இ.பி.எஸ். வேலைக்கு ஆள் அனுப்பும் அதிகாரம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு மட்டும்தான். எந்தத் தனியார் முகவருக்கும் அதில் இடமில்லை. வயது 18 முதல் 39 வரை, கொரிய மொழிப் பரீட்சையில் சித்தி வேண்டும். சித்தியடைந்தாலும் உடனே விமானம் ஏற முடியாது. பெயர் பட்டியலில் ஏறும், அங்குள்ள முதலாளி தெரிவு செய்தால்தான் பயணம். அதனால் மொழி படிக்கும் காலத்தில் தொழிலை நிறுத்திவிடவும் வேண்டாம், படகை விற்கவும் வேண்டாம். மீன்பிடித் துறைக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்பதால் உங்கள் கடல் அனுபவம் வீணாகாது. ஏற்கெனவே ஏதும் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, போன் செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அந்த ஆள் இன்னும் ஊரில் இருக்கும்போதே போங்கள்.