பழைய ஆர்பிஜி கேம்களில் எதிலிருந்து தொடங்குவது?

காரைக்குடிக்கு லீவில் வந்திருக்கும் உங்கள் தம்பிக்கு, பழைய லேப்டாப்பில் ஓடுகிற ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்) வேண்டும் என்கிறீர்கள். என் ஓட்டு 1997-ல் வந்த ஃபால்அவுட்டுக்கு. பூமிக்கடியில் வாழும் கூட்டத்தின் தண்ணீர் சிப் பழுதாகிவிடும். 150 நாளுக்குள் வேறொன்று தேடிக் கொண்டுவர வேண்டும். ஊருணித் தண்ணீரில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு இந்தக் கவலையை விளக்கவா வேண்டும்! சண்டையும் முறை வைத்துத்தான். ஆடுபுலி ஆட்டம் மாதிரி நிதானமாக யோசித்து நகர்த்தலாம். ஒரு தடவை, ஆரம்பத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போது அதன் புத்தி அளவை 1-ல் வைத்து ஆடச் சொல்லுங்கள். ஆள் வெறுமனே உறுமுவான், எதிரில் நிற்பவர்கள் பேசும் தோரணையே மாறிவிடும்.

1998-ன் பால்டர்ஸ் கேட் அடுத்து. அதில் கவச எண் (எதிரியின் அடியிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டுவது) குறையக் குறைய நல்லது. எனக்கே அது குழப்பியது. பிளேன்ஸ்கேப் டார்மென்ட் (1999) பக்கம் பக்கமாக ஆங்கிலம், படிக்கப் பொறுமை இருந்தால் மட்டும். அடிக்கடி சேவ் பண்ணச் சொல்லுங்கள்.