நீட்டுக்கு நடுவே ஒரு கிடேரி

அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் சார், மகளின் நோட்டுப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. செகண்ட் பியூசியில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். அவளோ மாடு, பூனை என்று கதைக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறாள். டாக்டருக்குப் படிக்க வைப்பதா, ஆங்கில இலக்கியத்துக்கு விடுவதா என்று கேட்கிறீர்கள். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது.

அவள் படித்தது அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் 'தி யூஸ் ஆஃப் ஃபோர்ஸ்' என்ற சிறுகதை. மூன்று நாள் காய்ச்சலில் இருக்கும் சிறுமி வாயைத் திறக்க மறுக்கிறாள். தொண்டை அடைப்பானோ (டிப்தீரியா) என்று டாக்டருக்குச் சந்தேகம். பார்த்ததுமே அவளைக் கிடேரி போலத் திடமானவள் என்கிறார். கொஞ்ச நேரத்தில் அவள் பூனையாகப் பாய்ந்து அவர் கண்ணைப் பிறாண்டப் பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுகிறது. இந்த இரண்டு இடத்திலும் எந்த மாணவரும் கோடு போடுவார். உங்கள் மகள் 'ஹெய்ஃபர்' என்றால் பசு என்று விட்டுவிடாமல் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். "கிடேரிடி, இன்னும் கன்னு போடாதது. அதட்டினா முட்டும்" என்று பாட்டி சொன்னது அப்படியே ஓரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எழுதுகிறாள்: டாக்டர் தன்னை எந்த மிருகமாகவும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஆத்திரத்தில் குழந்தையைக் கிழித்துப்போட்டிருப்பேன் என்கிறார், கிழிப்பது நகமும் பல்லும் உள்ளதன் வேலை அல்லவா? இந்த வரியில் என் காபி ஆறிப்போனது சார்.

வில்லியம்ஸ் நியூ ஜெர்சியில் நாற்பது வருஷம் போல வைத்தியம் பார்த்த டாக்டர்தான். அதைக் காட்டி, இரண்டையும் செய்யலாமே என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறையும் அறநெறியும் உண்டு. ஆனால் உள்ளே நுழைய எழுதும் நீட்டின் 180 கேள்விகளில் பாதி பயாலஜி, மீதி ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. மகளுக்கு ஃபிசிக்ஸ் சரியாக வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னவாகப் போகிறாய் என்று கேட்காதீர்கள். கதை முடிந்ததும் போனில் எதைத் தேடினாய் என்று கேளுங்கள். தொண்டை அடைப்பானில் சவ்வு எப்படிப் படர்கிறது, மூச்சை எப்படி அடைக்கிறது, தடுப்பூசி எத்தனை தவணை என்று போயிருந்தால் ஃபிசிக்ஸுக்கு நல்ல ட்யூஷன் வையுங்கள். இந்த நோட்டு அவளைக் கெடுக்காது, வார்டில் கைகொடுக்கும். அடுத்த கதையைத் தேடிப் போயிருந்தால் பி.ஏ. ஆங்கிலம்தான். கிறிஸ்ட், செயின்ட் ஜோசப்ஸ், மவுண்ட் கார்மல் மூன்றும் பெங்களூரிலேயே இருக்கின்றன. டெல்லி பல்கலைக்கழகம் என்றால் 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சோறு போடுமா என்பீர்கள். எம்.ஏ.வும் விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட்டும் முடித்தால் கல்லூரி வேலைக்கு முயலலாம், பதிப்பகம் இருக்கிறது, கம்பெனிகளில் எழுத்து வேலையும் இருக்கிறது. முதல் சம்பளத்தைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். மெடிக்கல் ரைட்டிங், அதாவது மருத்துவம் சார்ந்த எழுத்து வேலை, என்று யாராவது ஆசை காட்டினால், அதற்குப் பெரும்பாலும் லைஃப் சயின்ஸ் டிகிரி கேட்பார்கள், வெறும் பி.ஏ. போதாது.

சரி, இந்த வருஷம் நீட், க்யூட் இரண்டுக்குமே விண்ணப்பித்து வையுங்கள். அப்புறம், நோட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதைக் கொடுத்துவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கதையில் அப்பா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் டாக்டர் நாக்கை அழுத்த வைத்த மரக் குச்சியைக் கடித்துச் சிம்பு சிம்பாக்கினாள்.