வாசகர் கேள்வி: எஞ்சின் இறுகிய பழைய தூண்டில் படகை வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் பதினெட்டு ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். தூத்துக்குடிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், தூண்டில் விளையாட்டுக்கென்று வெளிநாட்டில் கட்டப்பட்ட 26 அடி ஃபைபர் படகு ஒன்று ஒன்பது ஆண்டுகளாகக் கொட்டகைக்குள் நிற்கிறது. உடல் பளபளப்பாக இருக்கிறது. டீசல் எஞ்சின் மட்டும் சுழலாமல் இறுகிவிட்டது. 4 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நானும் என் மைத்துனரும் சேர்ந்து வாங்கிப் புதுப்பித்து, வஞ்சிரத்துக்கும் பாரைக்கும் தூண்டில் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எஞ்சின் போன படகை வாங்குவது அறிவீனமா? வாங்கினால் அங்கேயே வைத்து வேலை பார்ப்பதா, ஊருக்குக் கொண்டுவருவதா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: எஞ்சின் இறுகிய படகை நீங்கள் வாங்கலாம், உடல் நனைந்த படகை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது எஞ்சின் பற்றிய செய்தியன்று, உடல் பளபளப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

ஃபைபர் படகில் நாம் காணும் பளபளப்பு, ஜெல்கோட் எனப்படும் மெல்லிய மேற்பூச்சுக்கு உரியது. படகின் வலிமையோ உள்ளே இருக்கிறது. அடிப்பகுதியில் நீளவாட்டில் ஓடும் தாங்குகட்டைகளும், அமரத்தை, அதாவது பின்முனையை, அடைக்கும் பின்பலகையும் பழைய படகுகள் பலவற்றில் ப்ளைவுட்டால் செய்யப்பட்டு, மேலே ஃபைபர் போர்த்தப்பட்டவை. ஏணி, தூண்டில் தாங்கி, விளக்கு என்று ஒவ்வொன்றையும் பொருத்தப் போட்ட திருகாணித் துளைகளின் வழியே நீர் இறங்கினால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாத நிலையிலும் உள்ளிருக்கும் பலகை மக்கிப்போகும். பல ஆண்டுகளுக்கு முன் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் நானே மேற்பூச்சை நம்பி ஒரு படகுக்கு முன்பணம் கொடுத்தேன். மறுநாள் பின்பலகையில் ஒரு திருகாணியைக் கழற்றியதும் தேநீர் நிறத்தில் நீர் வழியத் தொடங்கியது; மாலை வரை நிற்கவில்லை. அந்தப் பணம் திரும்பி வரவும் இல்லை.

ஆகவே தோப்புக்குப் போகும்போது முதலில் எஞ்சின் மூடியைத் திறக்காதீர்கள். சிறு பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன்முனையான அணியம் தொடங்கி அமரம் வரை, தளத்தையும் பின்பலகையையும் சாண் சாணாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று கேட்கும். உள்ளே நனைந்தோ, ஒட்டு விட்டோ போன இடத்தில் மட்டமாக, செத்த ஒலியாகக் கேட்கும். ஐயம் எழும் இடத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு உட்புறமிருந்து 5 மில்லிமீட்டர் துளை போட்டு, வெளிவரும் தூளை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்லது; கறுத்து ஈரமாக வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். நீரில் மூழ்கும் பகுதியில் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் வாடையுள்ள நீர் கசிந்தால், ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசினுக்குள்ளேயே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஓரிரு கொப்புளங்களைச் சுரண்டி உலர்த்திச் சரிசெய்துவிடலாம். அடிப்பாகம் முழுவதும் பரவியிருந்தால் அது பல மாத வேலை.

படகைக் கிரேனில் தூக்கும்போது எடை காட்டும் கருவியை மாட்டச் சொல்லி, அந்த எடையை, படகைக் கட்டிய நிறுவனத்தின் ஏட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுவதும் அவசியம். தளத்துக்கு அடியில் நிரப்பிய நுரை நீரை உறிஞ்சியிருந்தால் பல நூறு கிலோ கூடுதலாகக் காட்டும். தூண்டில் படகுகள் பலவற்றில் காணப்படும் ஆழ்ந்த ‘வி’ வடிவ அடிப்பாகம், 1960ஆம் ஆண்டு மயாமி–நசாவ் பந்தயத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராமின் படகு வென்ற பிறகு புகழ்பெற்றது. அலையை அது அருமையாகப் பிளந்து செல்லும். ஆனால் நீர்மேல் எழும்பி ஓட, தட்டையான அடிப்பாகத்தைவிடக் கூடுதல் குதிரைத்திறன் கேட்கும். நீர் கோத்த உடலைத் தூக்கிக்கொண்டு அது ஓடாது, உழும்.

இத்தனையும் தேறினால், இறுகிய எஞ்சின் உங்களைப் போன்ற பட்டறைக்காரருக்குப் பேரம் பேசக் கிடைத்த வாய்ப்பு. அதன் மதிப்பைச் சுழியம் என்று வைத்தே விலை பேசுங்கள். என் கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் போக நியாயமில்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கை நீண்ட கம்பியால் கையாலேயே அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. துருவினால் இறுகியிருந்தால் பெரும்பாலும் அசைந்துவிடும். புகைபோக்கி வழியாகக் கடல்நீர் புகுந்து உள்ளே அரித்திருந்தால், ஏறக்குறைய அதே எடையும் திறனும் உள்ள வேறொரு எஞ்சினைத் தேடுவதே செலவு குறைந்த வழி. அலுமினிய டீசல் தொட்டி தளத்துக்கு அடியில் புதைந்திருந்தால் அதன் அடிப்புறம் அரித்திருக்கக்கூடும். அதை எடுக்கத் தளத்தையே அறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் திருமங்கலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி ஒரு படகை வைத்துக்கொண்டு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து யாரும் புதுப்பித்து முடித்து நான் கண்டதில்லை. தினமும் பட்டறை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் கைபட்டால்தான் இந்த வேலை நகரும். அதோடு, ஈரம் உலர வேண்டிய உடலுக்குக் கடற்கரையின் உப்புக்காற்றைவிட நம் மதுரைப் பக்கத்து வறண்ட வெயில் எவ்வளவோ மேல். படகின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். அதைத் தாண்டினால் சாலையில் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். சித்திரை வெயிலில் உடலை உலரவிடலாமே தவிர ரெசின் வேலையைத் தொடக்கூடாது; அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த சில நிமிடங்களிலேயே டப்பாவில் இறுகிவிடும். அதிகாலையில் நிழலில் கலக்குங்கள். பாலியெஸ்டர் ரெசினால் ஆன பழைய உடலின்மேல் ஒட்ட, எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினே நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி போட்ட இடத்தின்மேல் மீண்டும் பாலியெஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது.

பணம் கைமாறுவதற்கு முன், படகைக் கொண்டுவந்தபோது சுங்கவரி கட்டிய தாள்களும் பதிவுச் சான்றும் இருக்கின்றனவா, உடலிலும் எஞ்சினிலும் உள்ள எண்கள் அவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பதிவும் உரிமமும் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறியுங்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் விசைப்படகுகள் கரையேறி மராமத்துக்கு நிற்பதால் ஃபைபர் வேலைக்காரரும் படகு கட்டும் ஓடாவிகளும் கிடைப்பது அரிது. உதவி தேவைப்பட்டால் தை, மாசியிலேயே அழைத்துவந்துவிடுங்கள். தடை நீங்கும் வேளையில் மன்னார் வளைகுடாவில் தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும் என்பதால், வேலை விரைவில் முடிந்தாலும் புதுப்பித்த படகை அடுத்த தை மாதம் வரை பட்டறையிலேயே நிறுத்தி வையுங்கள்.